மிதித்தால் நிற்கும் வைப்பர்

"மழையே பெய்யாத ஊரில் ஒரு காரின் வைப்பர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்னங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் முகம் சட்டென்று வெளுத்துப் போய்விட்டது.

"ஆத்தப்பா, வாயை மூடு" என்றார் துப்பறியும் திருமூர்த்தி, நிலக்கடலையை உரித்துக்கொண்டே.

ஆத்தப்பன் என்பது நான்தான். திருமூர்த்தி அண்ணனுக்கு உதவியாளன். வேலையில் பாதி அவரோடு அலைவது, மீதி அவரிடம் திட்டு வாங்குவது. எங்கள் நிலையம் திருப்பூரில் ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது. போர்டில் 'துப்பறியும் நிலையம்' என்று பெரிதாக எழுதியிருந்தோம். ஆனாலும் வருகிற வழக்கெல்லாம் காணாமல் போன ஆடும், ஓடிப்போன மாப்பிள்ளையும்தான். அதிலும் ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் வீட்டார் சந்தோஷப்படுவார்கள்.

அறுபத்து நான்காம் வருஷத்து ஆவணி மாதத்தில் வந்த இந்த அம்மாள் அந்த ரகமில்லை. பெயர் ஞானாம்பாள். கந்தவேல் நிட்டிங் கம்பெனியின் முதலாளி. கணவர் கந்தவேல் மாரடைப்பில் போன பிறகு, "பொம்பளை என்னத்தைக் கம்பெனி நடத்துவா?" என்று பேசிய வாய்களையெல்லாம் அடைத்தவர். ஏலத்தில் நூலைத் தொட்டுப் பார்த்தே அதன் பருமன் நம்பரைச் சொல்லுவார் என்று கேள்வி. அப்பேர்ப்பட்டவர் எங்கள் பெஞ்சில் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"முழுசாச் சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன்.

"போன வெள்ளிக்கிழமைங்க. பொழுது விடிஞ்சு சித்தெ நேரந்தான் இருக்கும். தாராபுரம் ரோட்டுல, அவிநாசிபாளையத்துக்கு இக்கட்ட வர்றப்ப திடுதிப்புன்னு மழை புடிச்சுக்கிச்சு. வைப்பர் நின்னு போச்சுங்க. கண்ணாடியில ஒண்ணும் தெரியல. ரோட்டோரமா ஆடு ஓட்டிட்டுப் போன மனுசன் மேல..." மீதியைக் குனிந்தபடி சொல்லி முடித்தார்.

அந்த மனிதரின் பெயர் நல்லான். ஆட்டு வியாபாரி. ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரை விட்டார். கார் ஓட்டிய டிரைவர் பழனிமுத்து இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறார். வைப்பர் நின்றுவிட்டது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டேஷன் வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது, வைப்பர் ஜோராக ஓடியது. அதனால், கண்மண் தெரியாமல் ஓட்டி ஆளைக் கொன்றதோடு பொய்யும் சொல்கிறான் என்று வழக்கு இறுகிப் போயிருந்தது.

"திங்கட்கிழமை கோர்ட்டுங்க. வைப்பர்ல பழுதுன்னு நிரூபிச்சுட்டாத் தப்பிச்சுக்கலாம், இல்லாட்டி உள்ளே போறது நிச்சயம், லைசென்ஸும் போயிரும்னு வக்கீல் சொல்றாருங்க. பழனிமுத்துக்கு வேற தொழில் தெரியாது. பொஞ்சாதி மயிலாளுக்கு இது மாசம். நீங்கதான் எப்படியாச்சும் அவரைக் காப்பாத்திக் குடுக்கோணும்."

"நீங்களும் கார்லதான் இருந்தீங்களா?"

"ஆமாங்க. முன்சீட்டுல. இடது பக்கமா."

அண்ணன் ஒரு கடலையை வாயில் போட்டு நிதானமாக மென்றார். "சரிங்கம்மா. காரைப் பாக்கலாம்" என்றார்.

நல்லூர்ப் பக்கம் இருந்த கம்பெனியின் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள் நின்றது கார். போலீஸார் பார்த்து முடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முன்னே வந்திறங்கிய கறுப்புக் கார். உள்ளே பின்னல் மிஷின்கள் கடகடவென்று ஓட, பஞ்சுத் தூசி பறந்து வந்து கார் முழுக்க மீசை வைத்திருந்தது.

அண்ணன் எஞ்சினைக் கிளப்பி வைப்பர் திருகைத் திருப்பினார். இரண்டு கைகளும் 'சர்ரக் சர்ரக்' என்று வீசி ஆடின. ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறுமவிட்டார். அப்போதும் ஓடியது.

"அண்ணா, இது என்னை விடச் சுறுசுறுப்பா வேலை செய்யுதுங்க" என்றேன்.

"உன்னை விட எது செய்யாது?"

ரப்பரைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் விறைத்திருந்ததே தவிர மோசமில்லை. கையைப் பிடித்து ஆட்டினார், அச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு பானெட்டைத் திறந்தார். நானும் தலையை விட்டேன்.

"அண்ணா, வைப்பருக்கு மோட்டாரே இல்லீங்களே! ஒயரும் போகல. எவனோ கழட்டிட்டுப் போயிட்டானுங்க. திருட்டுக் கேசு!"

"கழுதை. இந்த மாதிரிப் பழைய வண்டியில கரண்ட் மோட்டார் கிடையாது. எஞ்சின் ஓடறப்பக் காத்தை உள்ளே இழுக்கும், தெரியுமில்ல? அந்த உறிஞ்சல்லதான் வைப்பர் ஆடுது. இந்தா, இந்த ரப்பர் குழாய் வழியாத்தான் அது போகுது."

அவர் விரல் குழாயைத் தடவிக்கொண்டே போய், எஞ்சினுக்குப் பின்னால் இருட்டில் ஓரிடத்தில் நின்றது. அங்கே குழாய்க்கு யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். அடிபட்ட விரலுக்குச் சுற்றுவது போல, வெள்ளைப் பனியன் துணியை நாலைந்து சுற்றுச் சுற்றி, நூலால் இழுத்து முடிந்திருந்தது. முடிச்சு பிரமாதம். பிரித்துப் பார்த்தால், உள்ளே குழாய் நீளமாக வெடித்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் எதற்கும் மருந்து பனியன் வேஸ்ட்தான். குழாய் ஒழுகினால் பனியன் வேஸ்ட், கட்டில் ஆடினால் பனியன் வேஸ்ட், குழந்தை அழுதால் அதன் கையிலும் ஒரு பனியன் வேஸ்ட்.

"ஆத்தப்பா, பனியன் எதுக்குடா போடறோம்?"

"மானத்தைக் காப்பாத்தங்க."

"உன் பனியன்ல இருக்கற ஓட்டைக்கு அதுவும் நடக்காது. யோசிச்சுச் சொல்லு."

"வேர்வைக்குங்க. காத்துப் போகோணுமல்ல..." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைப் பிளந்தேன். "காத்துப் போகுமுங்க! குழாயில சுத்துனாலும் காத்துப் போகுமுங்க!"

"அதேதான். ஒட்டுப் போட்ட இடத்துலயே உறிஞ்சல் எல்லாம் கசிஞ்சுருது. வண்டி சும்மா நிக்கறப்ப இழுப்பு ஜாஸ்தி. கசிஞ்சாலும் மீதி இருக்கறது வைப்பருக்குப் போதும். பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்தது அதைத்தான். வண்டி பாரம் இழுத்துட்டு மேட்டுல ஏறறப்ப என்ன ஆகுதுன்னு அவரு பாக்கல. நாம பாப்போம். துணியைப் பழையபடி சுத்து. ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா."

மழையில்லாத ஊரில் மழையாக நியமிக்கப்பட்டவன் நான். இடது பக்க மட்கார்டின் மேல் குடத்தோடு ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தாராபுரம் ரோட்டு ஏற்றத்தில் கார் முக்கிக்கொண்டு ஏறியது. நான் சொம்பால் மொண்டு மொண்டு கண்ணாடியில் வீசினேன். சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பாவம், நல்ல பையனாட்டத்தான் இருக்கறான்" என்று பேசிக்கொண்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

பாதி ஏற்றத்தில் வைப்பர் மெல்ல மெல்லச் சோர்ந்து, கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது.

"நின்னுருச்சுங்கண்ணா! பழனிமுத்து பொய் சொல்லல!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் குடம் மடியை விட்டு நழுவி ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தது.

வழியிலிருந்த சைக்கிள் கடையில் ஒரு துண்டு டியூப் கேட்டு வாங்கினோம். வெடித்த பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து டியூப்பை மாட்டி, கம்பியால் முறுக்கினேன். கைவேலையில் நான் சோடை போக மாட்டேன், வாய்தான் கொஞ்சம் நீளம். அறுத்தெடுத்த குழாயையும் பனியன் துணியையும் அண்ணன் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டார்.

"வேலை முடிஞ்சுது. இதைக் கோர்ட்டுல காட்டிட்டாப் போதுமுங்க. ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"சைக்கிள் கடையில குடம் இருக்கான்னு கேளு."

மறுபடியும் நான் மழையானேன். மறுபடியும் ஏற்றம். இந்தத் தடவை வைப்பர் நன்றாக ஓடியது. ஆனால் மேடு செங்குத்தாகி அண்ணன் ஆக்சிலேட்டரை அழுத்தியதும், பழையபடி சோர்ந்து நின்றது. அவர் காலைத் தூக்கினார். உடனே துள்ளி எழுந்து இரண்டு வீச்சு வீசியது. மிதித்தார், நின்றது. தூக்கினார், ஓடியது. இப்படியே ஏழெட்டுத் தரம் செய்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். நான் தொப்பலாக இறங்கி வந்தேன். அவர் முகத்தில் கொஞ்சமும் களையில்லை.

"குழாயைச் சரி பண்ணியும் நிக்குதுங்களே அண்ணா?"

"மிதிச்சா உறிஞ்சல் குறையும். காலை எடுத்தாக் கூடும். இந்த வண்டிக்கு இது கூடப் பொறந்த குணம். கசிவு இருந்ததால அன்னைக்கு இன்னும் மோசமா இருந்திருக்கும். அவ்வளவுதான்."

"அப்ப நம்ம கேசு இன்னும் பலமாச்சுதுங்களே!"

"பலமா? பழனிமுத்து இந்த வண்டியை எத்தனை வருஷமா ஓட்டறாரு?"

"வண்டி வந்த நாள்லேருந்துங்க. முதலாளி இருக்கற காலத்துலயே அவர்தானுங்க."

"வைப்பர் நின்னா ஒரு நிமிஷம் காலைத் தூக்கோணும்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

ஈர உடம்போடு நின்ற எனக்கு முதல் தடவையாக, குளிர்வதாகத் தோன்றியது.

சப்-ஜெயிலும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே மதில் சுவருக்குள் இருந்தன. பழனிமுத்து கம்பிக்குப் பின்னால் வந்து கைகூப்பினார். கறுத்து ஒல்லியான மனிதர், பேச்சில் ஒரு அவசரமும் கிடையாது. அண்ணன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குசலம் விசாரித்தார், மயிலாளைப் பற்றிக் கேட்டார், பிறகு சாவகாசமாக ஆரம்பித்தார்.

"அந்தக் காரை இன்னைக்கு நான் எடுத்தேனுங்க. ஏத்தத்துல வைப்பர் பாட்டுக்குப் படுத்துக்குது. பெரிய தொந்தரவாப் போச்சு. நீங்க எப்படித்தான் சமாளிக்கறீங்களோ?"

பழனிமுத்துவின் முகத்தில் ஒரு தொழில்காரனின் சிரிப்பு வந்தது. "அது ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க. காலைச் சித்தெ எடுத்தீங்கன்னா ரெண்டு வீசு வீசிரும். அப்புறம் மிதிச்சுக்கலாமுங்க. எங்க முதலாளியை மூணார் வரைக்கும் அடை மழையில அப்படித்தான் கூட்டிட்டுப் போயிட்டு வந்தே..."

பாதியில் நின்றார். சிரிப்பு அப்படியே வற்றிப் போயிற்று.

"அப்ப வெள்ளிக்கிழமை ஏனுங்க காலை எடுக்கல?"

அவர் கம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மறந்துட்டேனுங்க."

"இத்தனை வருஷப் பழக்கத்தைக் கால் மறக்குமுங்களா?"

"நான்தானுங்க ஓட்டுனேன். என்ற தப்புத்தானுங்க. எழுதிக்குங்க. என்னை உட்டுருங்க சாமி." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தப்பே செய்யாதவன் எதற்கு இப்படி அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் சொன்னேன். "யாரு ஓட்டுனதுன்னு நாம கேக்கவே இல்லியே, அவராவே 'நான்தான்'ங்கறாரு. வேற எவனோ ஓட்டியிருக்கறானுங்க. முதலாளியம்மா சொந்தக்காரப் பையன் எவனாச்சும் இருப்பானுங்க. புடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனா..."

"ஆத்தப்பா, முதலாளிகள் கார்ல எங்கே உக்காருவாங்க?"

"பின்சீட்டுலங்க. சாஞ்சுக்கிட்டு."

"அன்னைக்கு அந்தம்மா எங்கே உக்காந்திருந்ததாச் சொன்னாங்க?"

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஒரு மாட்டு வண்டிக்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை.

"அம்மா, வைப்பரைச் சரி பண்ணியாச்சுங்க. ஒரு தடவை நீங்களே வந்து பாத்துட்டாத் தேவலை" என்று அண்ணன் கூப்பிட்டபோது, ஞானாம்பாளின் முகம் மலர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இடது பக்க முன்சீட்டில் ஏறினார். மட்கார்டில் நான், குடத்தோடு.

ஏற்றம் வந்தது. நான் தண்ணீரை வீசினேன். கண்ணாடி வழியாக உள்ளே இருவரும் கலங்கலாகத் தெரிந்தார்கள். அண்ணன் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தார். வைப்பர் சோர்ந்தது, இழுத்தது, நின்றது. எதிரே ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்க ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன், ஞானாம்பாள் சீட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார். வலது கால் முன்னே நீண்டு, வெறுந்தரையை அழுத்தியது. வைப்பர் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். விரல்கள் மடங்கி, கால் நடுங்குகிற வரைக்கும் அழுத்தினார்.

அண்ணன் காலை எடுத்தார். வைப்பர் துள்ளி ஓடியது. வந்த ஆள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். கார் நின்றது.

"அம்மா" என்றார் அண்ணன் மெதுவாக. "உங்க கால் எதை மிதிச்சுதுங்க?"

ஞானாம்பாள் தன் காலைப் பார்த்தார். அது யாருடைய காலோ என்பது போலப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கார் ஓட்டத் தெரியாதவங்க பயந்தா எதையாச்சும் கையால இறுக்கிப் புடிச்சுக்குவாங்க. தெரிஞ்சவங்களுக்குத்தான் கால் போகும். போனாலும் பிரேக்குக்குப் போயிருக்கோணும். உங்க கால் வலது ஓரத்துல, ஆக்சிலேட்டர் இருக்கற இடத்தை அழுத்துச்சுங்க."

"மிதிச்சா வைப்பர் வேகமா ஓடும்னு நினைச்சனுங்க" என்றார் அவர், கைக்குள்ளிருந்தே. "எங்க மிஷின்ல எது மந்தமாப் போனாலும் மோட்டாரைக் கூட்டுவோம். எல்லாம் சேந்து ஓடும். இதுவும் அப்படித்தான்னு நினைச்சு மிதிச்சேன். மிதிக்க மிதிக்க நின்னு போச்சு. கண்ணு தெரியல. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சுங்க."

அதற்கப்புறம் எல்லாம் வந்தது. நூல் மார்க்கெட்டுக்கும் துணி வெளுக்கும் பட்டறைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊர் வாய்க்குப் பயந்து, விடியற்காலையில் ஆள் இல்லாத ரோட்டில் பழனிமுத்து கற்றுக் கொடுத்தார். லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை. கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் கற்றாயிற்று. வைப்பர் பேச்சு மட்டும் வரவேயில்லை. பாடம் நடந்த நாளெல்லாம் வெயில்தானே?

"குழாய் வெடிச்சிருக்குது, புதுசு வாங்கோணும்னு பழனிமுத்து சொன்னாருங்க. மழையே பெய்யாத ஊருல எதுக்குன்னு நான்தான் பனியன் துணியைச் சுத்தி முடிச்சுப் போட்டேன்."

காலையில் நான் அடித்த கிண்டல் அவருக்கு எங்கே போய்த் தைத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நனைந்த சட்டையோடு ஜன்னலோரம் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு அடிபட்டுக் கிடக்கறாரு, சனங்க ஓடி வர்ற சத்தம் கேக்குது. பழனிமுத்து இக்கட்ட ஏறி, 'நகருங்கம்மா, நீங்க அந்தப் பக்கம் நகருங்க'ன்னாரு. நான் நகந்துட்டேனுங்க." மூடிய கைகளை எடுத்து எங்களை நேராகப் பார்த்தார். "மிதிச்சது தெரியாமச் செஞ்சது. நகந்தது தெரிஞ்சுதானுங்க செஞ்சேன். கம்பெனி போயிரும், ஊரு சிரிக்கும்னு அந்த ஒரு நொடியில எல்லாத்தையும் நினைச்சுட்டுத்தான் நகந்தேன்."

"செத்தவரு ஊட்டுக்குப் போனீங்களா?"

"போனேனுங்க. அந்தக் குழந்தையம்மாள், அவரு சம்சாரம், என்ற கையைப் புடிச்சு, 'டிரைவர் செஞ்ச தப்புக்கு நீங்க என்னுங்க பண்ணுவீங்க, மனசை உட்டுராதீங்க'ன்னு எனக்கு மோர் குடுத்தாங்க. நான் குடிச்சேனுங்க." அங்கேதான் அவருக்கு அழுகை வெடித்தது.

அழட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார். பிறகு பையிலிருந்து குழாய்த் துண்டையும் பனியன் துணியையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்க கேட்ட காரியத்தை முடிச்சுட்டேன். வைப்பர் பழுதுக்கு அத்தாட்சி இதுதான். ஆனா ஒண்ணு. இதைக் கோர்ட்டுல வெச்சா எதிர் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. 'காலை எடுத்தா ஓடுற வைப்பர், பழகுன டிரைவர் நீ, ஏன் எடுக்கலை?'ன்னு. பழனிமுத்துக்குப் பதில் கிடையாது. தெரிஞ்சே மிதிச்சான்னு ஆயிரும். இந்தக் குழாய் அவரைக் காப்பாத்தாதுங்க. இன்னும் ஆழமாத் தள்ளிரும்."

ஞானாம்பாள் குழாயைக் கையில் எடுத்தார். தான் சுற்றிய பனியன் துணியை விரலால் தொட்டார். "அப்ப ஸ்டேஷனுக்கு வண்டியை உடுங்க" என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்கவில்லை. அவர் தெற்கத்திக்காரர். ஞானாம்பாள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"காரா? நீங்களா ஓட்டுனிய? போங்கம்மா. விசுவாசமான டிரைவரைக் காப்பாத்த வந்திருக்கிய. நல்ல மனசுதான். ஆனா நான் இதை மேலே எழுதுனா என்னையில்லா சிரிப்பாவ?"

"நெசமாத்தானுங்க சொல்றேன்."

"பனியன் கம்பெனி நடத்துதியன்னா நம்புதேன். கார் ஓட்டுதியன்னு சொன்னா எப்படி நம்புறது? திருமூர்த்தி, நீராவது சொல்லக் கூடாதா? உம்ம கட்சிக்காரங்கதானே?"

துப்பறியும் தொழிலில் இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. குற்றவாளி ஒப்புக்கொள்கிறார், போலீஸ் மறுக்கிறது. எங்களைக் கூப்பிட்ட அம்மாளைக் குற்றவாளி என்று நாங்களே நிரூபிக்கவேண்டும்.

"சார், வெளிய வண்டி நிக்குது" என்றார் அண்ணன். "இந்த வளாகத்துக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டச் சொல்லுங்க. ஓட்டுனா நம்புவீங்களா?"

விஷயம் பரவி, ஏட்டு, கான்ஸ்டபிள்கள், மனு கொடுக்க வந்தவர்கள் என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஞானாம்பாள் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். எஞ்சின் கிளம்பியது. கியர் விழுந்தது. வண்டி ஒரு குதி குதித்து, இருமி, அணைந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மறுபடி கிளப்பினார். மறுபடி ஒரு குதி. அணைந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதும்மா, எறங்கி வீட்டுக்குப் போங்க. பழனிமுத்து விதி அவ்வளவுதான்" என்றார்.

ஞானாம்பாள் மூன்றாம் முறை கிளப்பினார். வண்டி நடுங்கியது.

"கிளட்சைப் பட்டுன்னு உடாதீங்கம்மா!" என்று ஒரு குரல் சப்-ஜெயில் ஜன்னலிலிருந்து பாய்ந்து வந்தது. "பைய... பைய உடுங்க! நான் எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்!"

வாசலே திரும்பிப் பார்த்தது. கம்பிக்குப் பின்னால் பழனிமுத்து தன் வாயைத் தானே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றார். சப்-இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றிருந்தது.

ஞானாம்பாள் கிளட்சை மெதுவாக விட்டார். கார் ஒரு அதிர்வும் இல்லாமல் நகர்ந்தது. வேப்பமரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் திரும்பி, பின்பக்கமாக எடுத்து, சப்-இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஞானாம்பாள் இறங்கி வந்து சாவியை நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, பிறகு மாட்டிக்கொண்டு சாவியை வாங்கினார். ஜன்னலைப் பார்த்து, "லைசென்ஸ் இல்லாதவங்களை ஓட்ட விட்டதுக்கு உம்ம மேலயும் கேஸ் உண்டுவே" என்றார்.

"உண்டுங்க. அது என்றதுதானுங்க" என்றார் பழனிமுத்து. "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். காலை எடுக்கோணும்னு மட்டும் சொல்லாம உட்டுட்டேனுங்க. சொல்லியிருந்தா அந்த நல்லான் இன்னைக்கு ஆடு ஓட்டிட்டு இருப்பாரு."

ஞானாம்பாள் ஜன்னலண்டை போனார். "மயிலாளுக்கு ஆள் அனுப்பறேனுங்க. நீங்க சீக்கிரமே ஊட்டுக்குப் போயிருவீங்க. அழுவாதீங்க பழனிமுத்து."

பழனிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா ஓட்டுனீங்கம்மா."

ஞானாம்பாள் தலையை ஆட்டிவிட்டு, ஏட்டுவுக்குப் பின்னால் ஸ்டேஷன் படியேறினார்.